ஆய்வேட்டில் காப்பியா? புகாரை எங்கே, எப்படிக் கொடுப்பது

டெல்டா வாய்க்கால்களில் முறைப்பாசனம் பற்றி நான் எழுதிய எம்.ஃபில் ஆய்வேட்டின் மூன்றாம் இயல், அப்படியே இன்னொருவருடைய பிஎச்.டி ஆய்வேட்டில் இருந்தது. 'வெண்ணாறு' என்பதை ஓரிடத்தில் கை தவறி 'வெண்ணறு' என்று அடித்திருந்தேன். அங்கேயும் 'வெண்ணறு'. அந்தக் கோபத்தில் அன்றிரவே நான்கு பக்க மனு எழுதித் துணைவேந்தருக்கும் யுஜிசிக்கும் (பல்கலைக்கழக மானியக் குழு) அனுப்பினேன். எங்கிருந்தும் பதில் இல்லை. ஒழுங்காகக் கொடுத்த இரண்டாவது மனுவைத்தான் விசாரணைக்கு எடுத்தார்கள். கீழே இருப்பது அந்த இரண்டாவது முறை.

முதலில் உங்கள் விஷயம் இந்த விதிக்குள் வருகிறதா பாருங்கள். 2018இல் யுஜிசி கொண்டுவந்த கருத்துத் திருட்டுத் தடுப்பு விதிமுறை ஆய்வேடு, ஆய்வுக் கட்டுரை, நூல் போன்றவற்றுக்குத்தான். அசைன்மென்ட், புராஜெக்ட் ரிப்போர்ட், விடைத்தாள் இதில் சேராது. பரீட்சையில் பிட் என்றால் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரிடம் போங்கள், அது வேறு வழி.

அப்புறம் ஆதாரம். இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் சேர்த்து வைக்கும் ஷோத்கங்கா தளத்தில் ஆய்வேடு இருந்தால் இயல் இயலாக பிடிஎஃப் கிடைக்கும். தமிழில் ஒரு தொல்லை உண்டு. பழைய ஆய்வேடுகள் பல யூனிகோடில் இல்லை, பாமினி மாதிரி எழுத்துருவில் அடித்தவை. நகலெடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பைதான் வரும், காப்பியைக் கண்டுபிடிக்கும் மென்பொருளும் அந்தக் குப்பையைத்தான் படிக்கிறது, ஒற்றுமையே இல்லை என்று கைவிரித்துவிடும். பக்கத்தைப் படமாக கூகுள் டிரைவில் ஏற்றி கூகுள் டாக்ஸில் திறந்தால் தமிழ் எழுத்தாக மாற்றித் தரும், பிழைகளை நீங்கள்தான் பார்த்துத் திருத்த வேண்டும். என்னைக் கேட்டால் இரண்டையும் ஜெராக்ஸ் எடுத்து மஞ்சள் ஹைலைட்டரோடு உட்காருவதே மேல். இடப்பக்கம் மூலம், வலப்பக்கம் சந்தேகப்படும் பகுதி, இரண்டுக்கும் பக்க எண், வரி எண் என்று ஒரு அட்டவணை. எனக்குப் பதினொரு பக்கம் வந்தது.

நான் வழுக்கி விழுந்த இடம் ஒற்றுமைச் சதவீதம். ஏதோ ஒரு இலவசத் தளத்தில் போட்டுப் பார்த்துவிட்டு '43 சதவீதம்' என்று முதல் மனுவில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தேன். கும்பகோணத்தில் இருக்கும் என் பழைய ஆசிரியர் அதைப் படித்துவிட்டு, "கல்வெட்டு வரியெல்லாம் கழிச்சியாப்பா?" என்றார். மேற்கோளாகக் காட்டிய கல்வெட்டு வரிகளைத்தான் சொன்னார். கழிக்கவில்லை. மூலம் சொல்லித் தந்த மேற்கோள், துணைநூற்பட்டியல், பொருளடக்கம், முன்னுரை, நன்றியுரை, சட்ட வாசகம், பொதுவான கலைச்சொற்கள் எதுவும் கணக்கில் வராது. தொடர்ந்து 14 சொற்கள் வரை ஒத்துப்போவதும் வராது. எல்லாம் போக 22 நின்றது. இது சின்ன வித்தியாசம் இல்லை. 10 வரை தண்டனை கிடையாது. 10க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தரச் சொல்வார்கள். 40க்கு மேல் 60 வரை என்றால் திருத்தியதைத் தரவே ஓராண்டு தடை, அதற்கும் மேலே பதிவே ரத்து. பட்டம் வாங்கிய பிறகு நிரூபணமானால் பட்டத்தைக் கொஞ்ச காலம் நிறுத்தி வைப்பார்கள். ஆகவே மனுவில் சதவீதமே எழுதாதீர்கள், அது அவர்கள் வேலை.

மனு ஒரு பக்கம் போதும். துறை அளவில் கல்வி நேர்மைக் குழு ஒன்று இருக்க வேண்டும், துறைத் தலைவர்தான் அதன் தலைவர். மனு அந்தக் குழுவுக்கு. 'திருடன்', 'மோசடி' எல்லாம் வேண்டாம் (என் முதல் மனுவில் 'திருடன்' ஆறு தடவை). 'இந்தப் பக்கங்கள் ஒத்திருக்கின்றன, விசாரிக்கக் கோருகிறேன்' என்று எழுதி அட்டவணையைப் பின்னால் வையுங்கள். ஐப்பசி அடைமழையில் கோப்பைப் பாலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு நேரில் போனேன். போனது நல்லதாயிற்று, என் நகலில் சீலும் தேதியும் போட்டு வாங்கிக்கொள்ள முடிந்தது. அந்தத் தேதியிலிருந்துதான் நாள் எண்ண வேண்டும். துறைக் குழுவுக்கு 45 நாள், அதற்குப் பிறகு பல்கலைக்கழக அளவில் இருக்கும் நிறுவனக் குழுவுக்கு இன்னொரு 45.

பின்சேர்க்கை: படித்துவிட்டு மன்னார்குடியிலிருந்து ஒருவர் கேட்டார், துறைத் தலைவரே அந்த மாணவரின் கைடு என்றால்? அதையும் மனுவில் ஒரு வரி எழுதிப் பிரதியைப் பதிவாளருக்கு அனுப்புங்கள். நிறுவனமே தானாக முன்வந்து விசாரிக்கவும் விதியில் இடம் இருக்கிறது.

இன்னொன்று: நாள் கடந்தும் சத்தமே இல்லை என்றால், தமிழ்நாட்டு அரசுப் பல்கலைக்கழகமாக இருந்தால், தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி 'என் மனு இப்போது எந்த நிலையில்' என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும்.

என்னுடையது துறைக் குழுவைத் தாண்டிவிட்டது. நிறுவனக் குழுவில் இன்று 31ஆம் நாள்.