நகத்தை ஒருக்கா வெளிச்சத்தில வைச்சுப் பாருங்கோ

போன மாரியில அம்மாவுக்கு டெங்கு வந்து மாறி ரெண்டு மாசத்தால பாத்தா, கைநகம் எல்லாத்திலயும் ஒரே உயரத்தில குறுக்காலை ஒரு பள்ளம். வீட்டில எல்லாரும் கல்சியம் காணாது எண்டு சொல்லத் தொடங்கீட்டினம். அது கல்சியம் இல்லை. கடும் காய்ச்சல் வரேக்க நகம் வளர்றது கொஞ்ச நாள் நிண்டுபோகும், அந்தத் தழும்புதான் பிறகு மேல ஏறி வருது. டொக்டர்மார் போஸ் லைன்ஸ் எண்டுவினம், 1846இல அதை விளக்கின பிரெஞ்சு டொக்டரின்ர பேர். கைநகம் மாசத்துக்கு 3 மில்லிமீட்டர் மட்டில வளரும், அடிமட்டத்தால நகத்தின்ர அடியில இருந்து பள்ளம் வரைக்கும் அளந்து 6 வந்தா வருத்தம் வந்தது ரெண்டு மாசத்துக்கு முதல் எண்டு நீங்களே கணக்குப் பாக்கலாம். ஒரு விரலில மட்டும் எண்டா கதவில நசிபட்டதாவும் இருக்கும்.

பாக்கிறதெண்டா கியூடெக்ஸை அழிச்சுப்போட்டு பகல் வெளிச்சத்தில பாருங்கோ. மருதோண்டி போட்டிருந்தா நிறம் தெரியாது, கால்நகத்தைப் பாருங்கோ.

வெள்ளைப் புள்ளிக்கும் கல்சியம் குளிசை வேண்டாம், அது அனேகமா எங்கையோ அடிபட்டது. நெடுக்காலை வரி விழுறது வயசு போகேக்க வாறது, நரை மாதிரித்தான்.

நகம் கரண்டி மாதிரிக் குழிஞ்சு, ஒரு சொட்டுத் தண்ணி விட்டா வழியாம நிண்டா இரும்புச்சத்துக் குறைவா இருக்கலாம், இரத்தம் சோதிச்சுப் பாருங்கோ. சாப்பாட்டோட தேத்தண்ணி குடிக்கிற பழக்கத்தையும் விடுங்கோ, அது இரும்பை உடம்பில சேர விடாது.

அடுத்தது, ரெண்டு சுட்டுவிரலையும் நகத்தோட நகம் முட்டுற மாதிரிச் சேத்துப் பிடியுங்கோ, நடுவில சின்னதா டைமண்ட் வடிவில வெளிச்சம் தெரியோணும். தெரியாம விரல் நுனியும் உருண்டு வீங்கியிருந்தா நெஞ்சையும் சுவாசப்பையையும் காட்டத்தான் வேணும்.

எங்கட நிறத்து ஆக்களுக்கு கன விரலில மண்ணிறக் கோடு இருக்கிறது சாதாரணம், பயப்பிடாதேங்கோ. ஆனா ஒரே ஒரு நகத்தில, முக்கியமா பெருவிரலில, புதுசா வந்து அகலிச்சுக்கொண்டு போகுதெண்டா, இல்லாட்டி பக்கத்துத் தோலுக்கும் கறுப்புப் பரவியிருந்தா பிந்தாதேங்கோ, அது புற்றுநோயாவும் இருக்கலாம்.

கால்நகம்தான் எங்கட வயசுபோன ஆக்கள் கவனிக்காம விடுறது. தடிச்சு மஞ்சளாகி உதிர்ந்தா அனேகமா பங்கஸ், ஆனா சொறியாசிஸ் எண்ட தோல் வருத்தத்திலயும் அப்பிடித்தான் இருக்கும், அதால நகத்துண்டைச் சோதிச்சுப் பாத்திட்டு மருந்தைத் தொடங்குங்கோ. கால்நகம் முழுசா புதுசா வர 12 தொடக்கம் 18 மாசம் எடுக்கும், ஒரு மாசத்தில மாறேல்லை எண்டு மருந்தை விட்டிடாதேங்கோ. சீனி வருத்தம் உள்ளவைக்கு குளிச்சு நகம் ஊறினாப் பிறகு நேரா வெட்டிவிடுங்கோ, மூலையைத் தோண்டாதேங்கோ, விறைச்ச காலில வெட்டுப்பட்டாலும் அவைக்குத் தெரியாது. கிளினிக் போற நாளில செருப்பைக் கழட்டி காலையும் காட்டச் சொல்லுங்கோ, டொக்டர் கேக்காட்டிலும்.