தொழில் மாற்றத்துக்காக மீண்டும் படிக்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வகுப்புக்கு ஒழுங்காகப் போங்கள், குறிப்பெடுங்கள், போனைத் தள்ளி வையுங்கள் என்று முப்பத்தைந்து வயதுக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. பொறுப்பு என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும். திருகோணமலையில் வேலை, வீடு, பிள்ளைகள் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு இன்னொரு தொழிலுக்காகப் படிக்க வருகிறவர்கள் சறுக்குவது வகுப்பறைக்குள் அல்ல. விண்ணப்பப் படிவம் நிரப்புமிடத்திலும் காசு கட்டுமிடத்திலும்தான். வருசா வருசம் புதிய ஆட்கள் வருகிறார்கள், பழைய தவறுகளையே செய்கிறார்கள். ஆகவே அந்தத் தவறுகளை மட்டும் இங்கே எழுதுகிறோம்.

பதிவு இலக்கத்தை நம்பிக் காசு கட்டுவது

மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் எரிச்சல் தருவது இதுதான். ஐந்து நிமிடம் விசாரித்தால் தப்பியிருக்கலாம், ஆனால் போனது ஒன்றரை வருசமும் அடகு வைத்த நகையும்.

நடப்பது இப்படித்தான். நகரத்தில் ஒரு தனியார் நிறுவனத்தின் பெயர்ப்பலகை. கீழே சின்ன எழுத்தில் 'மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு செய்யப்பட்டது' என்று ஒரு வரியும் பதிவு இலக்கமும் இருக்கும். பக்கத்தில் ஒரு ஐ.எஸ்.ஓ முத்திரை. உள்ளே போனால் 'டிப்ளோமா, அரச அங்கீகாரம் உண்டு' என்பார்கள். உப்புவெளிப் பக்கத்தில் கடையொன்றில் காசாளராக இருந்தவர் அதை நம்பிக் கணினி வலையமைப்புப் படிப்பில் சேர்ந்தார். மாதா மாதம் கட்டினார், ஒரு வகுப்பும் தவறவில்லை, நன்றாகவே படித்தார். பிறகு என்.வி.கியூ (தேசிய தொழிற்தகைமை) 4ஆம் நிலை கேட்ட ஒரு வேலைக்கு விண்ணப்பித்தார். நேர்முகப் பரீட்சையில் சான்றிதழைப் புரட்டிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அதில் இருந்தது நிறுவனத்தின் பெயரும் நிறுவனப் பணிப்பாளரின் கையெழுத்தும் மட்டுமே.

இதில் சட்டப்படி பொய் என்று எதுவும் இல்லை. அதனால்தான் ஆபத்து. 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி தொழிற்பயிற்சி நிறுவனங்கள் ஆணைக்குழுவில் பதிவு செய்ய வேண்டும். கட்டடம், உபகரணம், போதனாசிரியர் என்று நிறுவனத்தைப் பார்த்துக் கொடுக்கிற அனுமதி அது. ஒரு குறிப்பிட்ட பாடநெறி, அந்தத் தொழிலுக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று வகுத்திருக்கிற தேசியத் தேர்ச்சி நியமத்துக்கு அமைவாக நடக்கிறதா, அதன் முடிவில் என்.வி.கியூ கிடைக்குமா என்பது வேறு விசயம். அதற்குப் பாடநெறி தரச்சான்று என்ற தனி அனுமதி வேண்டும். ஒரே நிறுவனத்தில் தையல் படிப்புக்குத் தரச்சான்று இருக்கும், கணினிப் படிப்புக்கு இருக்காது. கொழும்புக் கிளைக்கு இருக்கும், திருகோணமலைக் கிளைக்கு இருக்காது. போன வருசம் இருந்தது இந்த வருசம் காலாவதியாகியும் இருக்கலாம். ஐ.எஸ்.ஓ 9001 முத்திரை நிறுவனத்தின் நிர்வாக ஒழுங்கைப் பற்றியது. படிப்பின் தரநிலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கம்பனிப் பதிவுப் பத்திரத்தை பிரேம் போட்டுச் சுவரில் மாட்டியிருப்பார்கள். அதையும் கணக்கில் எடுக்க வேண்டாம்.

காசு கட்டும் முன் இதைச் செய்யுங்கள். பாடநெறி தரச்சான்றுக் கடிதத்தைக் கேளுங்கள். நிறுவனப் பதிவுச் சான்றிதழை எடுத்து நீட்டினால், 'இது இல்லை, மற்றது' என்று சொல்லுங்கள். கடிதத்தில் நான்கு விசயம் பாருங்கள்: நீங்கள் சேரப் போகும் பாடநெறியின் பெயர், என்.வி.கியூ நிலை, நீங்கள் படிக்கப் போகும் நிலையத்தின் முகவரி, செல்லுபடியாகும் திகதி. உங்கள் படிப்பு முடியும் மாதத்துக்கு முன் அந்தத் திகதி வந்தால், புதுப்பிக்க விண்ணப்பித்திருக்கிறார்களா என்று கேளுங்கள். பிறகு ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் அந்த நிலையத்தின் பெயரைத் தேடி அதே பாடநெறி அங்கே இருக்கிறதா என்று ஒத்துப் பாருங்கள்.

அடுத்த கேள்வி, கடைசி மதிப்பீட்டை யார் செய்வார்கள்? என்.வி.கியூ என்றால் ஆணைக்குழுவில் பதிவான மதிப்பீட்டாளர்கள் வந்து செய்முறையைப் பார்ப்பார்கள். 'எங்கள் சேர்தான் சோதனை வைப்பார்' என்று பதில் வந்தால் எழும்பி வந்துவிடலாம். முந்தைய அணியில் முடித்த ஒருவரின் சான்றிதழையும் பார்க்கக் கேளுங்கள். என்.வி.கியூ சான்றிதழை வழங்குவது ஆணைக்குழு. நிலையும் சான்றிதழ் இலக்கமும் அதில் இருக்கும். 'சான்றிதழ்கள் இன்னும் வரவில்லை' என்று ஒவ்வொரு அணிக்கும் அதே பதிலைச் சொல்கிற இடத்தில் சேராதீர்கள்.

பட்டப்படிப்பு என்றால் விசாரிக்க வேண்டிய இடம் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு. உள்நாட்டுத் தனியார் நிறுவனம் தானே பட்டம் வழங்குவதானால் 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தின் 25அ பிரிவின் கீழ் அந்தப் பட்டத்துக்கு அனுமதி இருக்க வேண்டும். வெளிநாட்டுப் பட்டம் என்றால், விளம்பரத்தில் பெரிதாகப் போட்டிருக்கிற உள்ளூர் நிறுவனத்தின் பெயரை விட்டுவிட்டு, பட்டம் வழங்குகிற பல்கலைக்கழகத்தின் முழுப் பெயரை எழுதி வாங்கி, அது அங்கீகரிக்கப்பட்டதா என்று கேளுங்கள்.

'ஐந்தாம் நிலை' என்றதும் ஒரே ஏணி என்று நினைப்பது

தகைமைகளை நிலை நிலையாக அடுக்குகிற சட்டகங்கள் என்று இங்கே மூன்று ஏணிகள் இருக்கின்றன. என்.வி.கியூவில் 5 என்றால் டிப்ளோமா, 6 உயர் தேசிய டிப்ளோமா, 7 பட்டம். இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் 5 என்றாலே பொதுப் பட்டம். பிரித்தானியச் சட்டகத்தில் 5 என்பது உயர் தேசிய டிப்ளோமா அளவு, பட்டம் 6. பிரித்தானிய 5ஆம் நிலை டிப்ளோமாவை முடித்துவிட்டு 'நான் டிகிரி லெவல்' என்று விண்ணப்பத்தில் எழுதிவிடுகிறார்கள். நிலை எண்ணைக் கேட்டால் எந்தச் சட்டகம் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

தெரிந்த வேலையை அ, ஆவிலிருந்து படிப்பது

பத்து வருசம் வீட்டு வயரிங் செய்தவர், மேலே படிக்க ஒரு தாள் வேண்டுமென்று, பள்ளி முடித்த பிள்ளைகளோடு என்.வி.கியூ 3 வகுப்பில் போய் உட்காருகிறார். வேண்டியதில்லை. முன்கற்றலை அங்கீகரிக்கும் முறை இருக்கிறது. ஆர்.பி.எல் என்று சொன்னால் எல்லாருக்கும் விளங்கும். அரச தொழிற்பயிற்சி அமைப்பான நைட்டா உட்பட தரச்சான்று பெற்ற நிலையங்கள் ஊடாக விண்ணப்பிக்கலாம். மேசன், மோட்டார் மெக்கானிக், சமையல், தையல் என்று பல தொழில்களுக்கு உண்டு.

அதில் தவறுவது ஆதாரக் கோப்பில். 'இவர் எங்களிடம் நல்லபடியாக வேலை செய்தார்' என்ற கடிதம் உதவாது. எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதி வரை, என்னென்ன வேலை என்று கடிதத்தலைப்பில் எழுதி வாங்குங்கள். நீங்கள் வேலை செய்துகொண்டிருக்கும் படங்கள், செலவு மதிப்பீட்டுப் பில்கள், பொருள் வாங்கிய பற்றுச்சீட்டுகள், குறுகிய பயிற்சிகளின் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் திகதி ஒழுங்கில் ஒரு பைலில் போடுங்கள்.

மதிப்பீட்டாளர் தேர்ச்சி நியமத்தை அலகு அலகாகக் கேட்பார், செய்தும் காட்டச் சொல்வார். வயரிங் காரர்கள் கேபிள் இழுப்பதிலும் போர்ட் கட்டுவதிலும் தடுமாறுவதில்லை. தடுமாறுவது சோதனையில். மெயினை நிறுத்தி, பூட்டி, மின்சாரம் இல்லையென்று உறுதிப்படுத்தி, மெகர் என்ற அளவுக் கருவியை 500 வோல்ட்டில் வைத்து, வயரின் உறை மின்சாரத்தைக் கசியவிடாமல் தடுக்கும் காப்புத்தடையை அளந்து, அது குறைந்தது 1 மெகாஓம் இருக்கிறதா என்று பார்த்து, அந்த வாசிப்பைத் தாளில் எழுத வேண்டும். வேலைத்தளத்தில் லைட் எரிந்தால் போதும் என்று விட்டுப் பழகிய கை அங்கேதான் நிற்கிறது. வரைபடம் வாசிப்பதும் அப்படித்தான். இந்த இரண்டையும் மட்டும் தெரிந்த ஒருவரிடம் பழகிக்கொண்டு போனால் ஒரு வருசம் மிச்சம். அதைக் கொண்டு அடுத்த நிலைக்குப் போகலாம்.

பெயர்ப் பொருத்தத்தைக் கடைசி வாரத்தில் பார்ப்பது

பிறப்புச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை, க.பொ.த. பெறுபேறு, விவாகச் சான்றிதழ். இந்த நான்கையும் மேசையில் பக்கம் பக்கமாக வைத்து எழுத்தெழுத்தாகப் பாருங்கள். ஓ.எல்லில் தகப்பன் பெயர் முதலெழுத்தாக இருக்கும், கலியாணத்துக்குப் பிறகு எடுத்த அடையாள அட்டையில் கணவன் பெயர் இருக்கும். ஆங்கிலத்தில் ஒரு எழுத்துக் கூடியோ குறைந்தோ இருக்கும். இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி முடிப்பது சின்ன வேறுபாட்டுக்குப் பெரும்பாலும் போதும். பிறப்புச் சான்றிதழிலேயே பிழை என்றால் திருத்தம் பிரதேச செயலகம் வழியாகப் போகும், அதற்கு மாதங்கள் எடுக்கும். விண்ணப்பம் கோரும் முன்பே தொடங்குங்கள்.

இடப்பெயர்விலும் 2004 சுனாமியிலும் சான்றிதழ்களைத் தொலைத்தவர்கள் இந்த மாவட்டத்தில் ஏராளம். சுட்டெண் நினைவில்லை என்று படிப்பையே கைவிட வேண்டாம். பெலவத்தையிலுள்ள பரீட்சைத் திணைக்களத்தில் பெறுபேற்றுச் சான்றிதழை மீண்டும் எடுக்கலாம், இணையம் வழியாகவும் விண்ணப்பிக்கலாம். படித்த பாடசாலையின் அனுமதிப் பதிவேட்டில் தேடினால் பரீட்சை எழுதிய ஆண்டாவது கிடைக்கும்.

கம்பஸுக்குப் போக மீண்டும் ஏ.எல் எடுப்பது

வேண்டாம்.

கோணேசபுரியிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்துக்கு உள்வாரி மாணவராகப் போவது ஏ.எல் பெறுபேற்றிலிருந்து கணிக்கிற இசட் புள்ளி வழியாக. அது பத்தொன்பது, இருபது வயதுப் பிள்ளைகளின் போட்டி. பழைய ஏ.எல் சித்தி இருந்தால் உயர் தேசிய டிப்ளோமா, வெளிவாரிப் பட்டம், இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் என்று வழிகள் திறந்திருக்கின்றன. ஏ.எல் இல்லாதவருக்கும் திறந்த பல்கலைக்கழகத்தில் அடிப்படை நிலைப் படிப்பு ஒன்றை முடித்துப் பட்டத்துக்கு ஏறும் பாதை உண்டு.

திறந்த பல்கலைக்கழகம் என்றால் வீட்டிலிருந்தே முடிக்கலாம் என்பது

இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் ஒரு திறன்புள்ளி என்பது 50 மணித்தியாலக் கற்றல். பொதுப் பட்டத்துக்கு 90 திறன்புள்ளி. வருசத்துக்கு 30 திறன்புள்ளி எடுத்தால் 1500 மணித்தியாலம், கிழமைக்கு ஏறக்குறைய 29. முழு நேர வேலையில் இருக்கிறவருக்கு இது நடக்காது. கிழமைக்கு 15 மணித்தியாலம் உண்மையாகவே ஒதுக்க முடிந்தால் 15 திறன்புள்ளிக்குப் பதியுங்கள். படிப்பு நீளும், ஆனால் முடியும். முதல் வருசமே எல்லாப் பாடத்தையும் பதிந்தவர்கள்தான் இரண்டாம் வருசம் காணாமல் போகிறார்கள்.

தொடர் மதிப்பீட்டில் தகுதி பெறாவிட்டால் இறுதிப் பரீட்சைக்கு உட்கார முடியாது. ஒப்படைத் திகதிகளைக் கலண்டரில் எழுதி வீட்டாரின் கண்ணில் படும்படி மாட்டுங்கள். ஆய்வுகூட வகுப்புகள் உள்ள பாடம் என்றால் அவை எந்த நிலையத்தில், எத்தனை நாள் தொடர்ச்சியாக என்று பதியும் முன் கேளுங்கள். மட்டக்களப்பு என்றால் ஒரு கணக்கு, கொழும்புப் பக்கம் நாவலையிலுள்ள தலைமை வளாகம் என்றால் தங்குமிடமும் சேர்த்து வேறு கணக்கு.

சீசனைப் பார்க்காமல் சேர்வது

நிலாவெளி, உப்புவெளி ஹோட்டல்களில் உழைக்கிறவர்களுக்கு மே முதல் செப்டம்பர் வரைதான் காசு. அரச பயிற்சி நிலையங்களில் புதிய அணிகள் பெரும்பாலும் ஜனவரியிலும் ஜூலையிலும் தொடங்கும். ஜூலை அணியில் சேர்ந்தால் உழைக்கும் மாதங்கள் வகுப்பில் போகும், கையில் வருமானம் இல்லாத மாரி காலத்தில் தொழில்தளப் பயிற்சி வரும். ஜனவரியில் சேர்வது நல்லது. பல என்.வி.கியூ 4 படிப்புகளில் ஆறு மாதம் வரை தொழில்தளப் பயிற்சி உண்டு, அது இல்லாமல் சான்றிதழ் கிடைக்காது. சேரும்போதே அந்த மாதங்களின் வீட்டுச் செலவைத் தனியாக எடுத்து வையுங்கள்.

மூதூர், வெருகல், குச்சவெளியிலிருந்து வருகிறவர்கள் வகுப்பு முடியும் நேரத்தையும் கடைசி பஸ்ஸையும் ஒரு நாள் நேரில் வந்து பார்த்துவிட்டுச் சேருங்கள்.

ஈ.பி.எஃப் காசை நம்பி வேலையை விடுவது

கிடைக்காது. ஈ.பி.எஃப் (ஊழியர் சேமலாப நிதி) எடுக்க ஆணுக்கு 55 வயது, பெண்ணுக்கு 50 ஆக வேண்டும். அதற்கு முன் 30 சதவீதம் எடுக்கும் வசதி வீட்டுக்கும் மருத்துவத்துக்கும்தான், படிப்புக்கு இல்லை. வேலையை விட்டதும் கேட்கக்கூடியது ஈ.டி.எஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி). அதுவும் ஐந்து வருசத்துக்கு ஒரு தடவை. அதில் எவ்வளவு மீதி இருக்கிறதென்று விசாரிக்காமல் இராஜினாமாக் கடிதம் கொடுக்க வேண்டாம்.

முழுக் கட்டணத்தையும் ஒரேயடியாகக் கட்டினால் கழிவு தருவதாகச் சொல்வார்கள். வகுப்பு நடக்காவிட்டால் எவ்வளவு, எத்தனை நாளில் திருப்பித் தருவார்கள் என்று எழுத்தில் தராத இடத்தில் தவணையிலேயே கட்டுங்கள்.

ஆங்கிலம்

உயர் தேசிய டிப்ளோமாவும் பல பட்டங்களும் ஆங்கில மூலம். சேர்ந்த பிறகு பார்ப்போம் என்று விடாதீர்கள். ஆறு மாதம் முன்பே, நீங்கள் படிக்கப் போகிற பாடத்தின் ஆங்கிலப் புத்தகத்தையே தினமும் இரண்டு பக்கம் வாசியுங்கள்.

வயதெல்லை

அரச வேலைதான் இலக்கு என்றால், படிப்பில் சேரும் முன் அந்தப் பதவிக்கு முன்பு வந்த வர்த்தமானி அறிவித்தலை எடுத்துப் பாருங்கள். வயது கணக்கிடப்படுவது விண்ணப்ப முடிவுத் திகதியில், நீங்கள் படிக்கத் தொடங்கிய நாளில் அல்ல.