ரூப்ரிக் எழுதி மாணவர் கட்டுரைகளைத் திருத்துவது எப்படி?

ஒருமுறை, திருத்தி முடித்த கட்டுரை ஒன்றின் மதிப்பெண்ணை மறைத்து வைத்துவிட்டு, ஒரு வாரம் கழித்து மறுபடி திருத்திப் பார்த்தேன். முதலில் 20க்கு 15 போட்டிருந்தேன், இரண்டாம் முறை 11. அந்தப் பிள்ளை எழுதியதில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. அன்றைக்குத்தான் எனக்கு ரூப்ரிக், அதாவது எதற்கு எவ்வளவு மதிப்பெண் என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் அளவுகோல், தேவை என்று புரிந்தது.

இது பழைய சிக்கல்தான். 1912இல் அமெரிக்காவில் ஸ்டார்ச், எலியட் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரே ஆங்கில விடைத்தாளின் நகலைப் பல பள்ளிகளுக்கு அனுப்பித் திருத்தச் சொன்னார்கள். 142 ஆசிரியர்கள் போட்ட மதிப்பெண்களில், 100க்கு 30க்கும் மேல் வித்தியாசம் இருந்தது. கணக்கில் அப்படி வராது என்று நினைப்போம். அடுத்த ஆண்டு வடிவியல் விடைத்தாளை வைத்துச் செய்தபோது இடைவெளி இன்னும் பெரிதானது.

ரூப்ரிக் என்பது ஓர் அட்டவணை. இடப்பக்கம் நாம் எவற்றைப் பார்க்கிறோம் என்ற கூறுகள், மேல் வரிசையில் தர நிலைகள், நடுவில் உள்ள கட்டங்களில் அந்தந்த நிலையில் வேலை எப்படி இருக்கும் என்ற விவரிப்பு. பலர் முதல் இரண்டையும் ஒழுங்காகச் செய்துவிட்டு, கட்டங்களில் 'மிக நன்று, நன்று, சுமார்' என்று நிரப்பிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் பழைய குழப்பம் அப்படியே இருக்கும், கோடுகள் மட்டும்தான் புதிது.

'வகுப்பறைக்குள் செல்போன் வரலாமா?' என்று ஒரு பக்கக் கட்டுரை எழுதச் சொல்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு ஒரு ரூப்ரிக் செய்யலாம்.

படி 1: கூறுகளைத் தேர்ந்தெடுங்கள்

இந்தக் கட்டுரை வழியாகப் பிள்ளை எதைக் கற்க வேண்டும் என்று ஒரே வரியில் எழுதுங்கள். 'தன் கருத்தைச் சொல்லி, அதற்கு ஆதாரம் காட்டி வாதிட வேண்டும்.' இதிலிருந்தே கூறுகள் கிடைத்துவிடும்: நிலைப்பாடு, ஆதாரம், ஒழுங்கு, மொழி. நான்கு போதும். ஏழு எட்டு வைத்தால் பத்தாவது தாளிலேயே களைத்துப்போய் மனம் போன போக்கில் போடத் தொடங்கிவிடுவோம். அழகான கையெழுத்து, அட்டை, அலங்காரம் எல்லாம் நாம் கற்றுக்கொடுக்காதவை என்றால் அவற்றுக்கு மதிப்பெண் வைப்பது நியாயமில்லை.

படி 2: நிலைகளை முடிவு செய்யுங்கள்

நான்கு நிலைகள் வையுங்கள். மூன்றோ ஐந்தோ வைத்தால் சந்தேகம் வரும்போதெல்லாம் கை நடுவிலேயே போய் நிற்கும்.

படி 3: கட்டங்களை நிரப்புங்கள்

அதிக நேரம் செலவிட வேண்டியது இங்கேதான். தாளைப் பார்த்தால் கண்ணுக்குத் தெரிவதை எழுதுங்கள். 'ஆதாரம்' என்ற கூறுக்கு நான் எழுதியது இது:

4 – குறைந்தது இரண்டு காரணங்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் உதாரணமோ தகவலோ உண்டு. அது கருத்தை எப்படித் தாங்குகிறது என்பதும் சொல்லப்பட்டிருக்கிறது.
3 – இரண்டு காரணங்கள், இரண்டுக்கும் உதாரணம் உண்டு. ஆனால் கருத்தோடு அதற்குள்ள தொடர்பை வாசிப்பவரே ஊகிக்க வேண்டியிருக்கிறது.
2 – காரணங்கள் உண்டு. ஒன்றுக்காவது உதாரணம் இல்லை, அல்லது காரணமே ஒன்றுதான்.
1 – 'செல்போன் கெட்டது' என்பது போன்ற கருத்து மட்டும். காரணம் இல்லை.

முதலில் 4ஆம் நிலையை எழுதுங்கள், அப்புறம் 1ஐ, கடைசியாக நடுவில் உள்ள இரண்டையும். 2க்கும் 3க்கும் இடையிலான கோடுதான் கடினம். 'ஓரளவு', 'போதுமான' போன்ற சொற்கள் அங்கேதான் நுழையும். அப்படி ஒரு சொல் வந்தால், 'ஓரளவு என்றால் எவ்வளவு?' என்று கேட்டு, அந்தப் பதிலை எழுதுங்கள். கீழ் நிலையை எழுதும்போது 'சோம்பல்', 'அக்கறையின்மை' என்று பிள்ளையைப் பற்றி எழுதிவிடாதீர்கள். தாளில் இருப்பதைப் பற்றி மட்டும் எழுதுங்கள்.

படி 4: மதிப்பெண் கணக்கு

எல்லாக் கூறும் ஒரே எடை இல்லை. இந்தக் கட்டுரையில் ஆதாரம்தான் முக்கியம் என்பதால் அதை மட்டும் இரண்டால் பெருக்குகிறேன். மொத்தம் 20 வரும். நிலைப்பாட்டில் 3, ஆதாரத்தில் 2, ஒழுங்கில் 3, மொழியில் 4 வாங்கிய பிள்ளைக்கு 3+4+3+4, அதாவது 14. ஒன்றைக் கவனியுங்கள்: எல்லாவற்றிலும் 1 வாங்கினாலும் 5 மதிப்பெண் வரும். எழுதவே எழுதாத தாளுக்கு 0 என்று தனியாகச் சொல்லி வையுங்கள்.

படி 5: எழுதும் முன்பே கொடுங்கள்

ரூப்ரிக்கைப் பூட்டி வைப்பதில் எந்தப் பயனும் இல்லை. கட்டுரை எழுதச் சொல்லும் நாளிலேயே கையில் கொடுங்கள். பெயர் இல்லாத ஒரு மாதிரிக் கட்டுரையையும் கொடுத்து, 'ஆதாரத்துக்கு இதற்கு என்ன போடுவீர்கள்?' என்று கேளுங்கள். ஒருவர் 2 என்பார், இன்னொருவர் 3 என்பார். அந்த வாக்குவாதத்தில் பிள்ளைகள் கற்பது, நான் சிவப்பு மையில் எழுதும் குறிப்புகளால் கற்பதைவிட அதிகம். அதோடு, எந்த வரி அவர்களுக்குப் புரியவில்லை என்பதும் தெரிந்துவிடும்.

படி 6: திருத்துங்கள்

எடுத்தவுடன் மதிப்பெண் போடாதீர்கள். ஐந்தாறு தாள்களை வாசித்து, ரூப்ரிக் அவற்றுக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். முடிந்தால் சக ஆசிரியர் ஒருவரும் அதே தாள்களைத் தனியாகத் திருத்தட்டும். இருவருக்கும் எங்கே ஒரு நிலைக்கு மேல் விலகுகிறதோ, அந்தக் கட்டத்தின் வாசகத்தை உட்கார்ந்து மாற்றுங்கள்.

பிறகு, பெயர் தெரியாதபடி தாளை மடித்துக்கொண்டு, எல்லாத் தாள்களிலும் முதலில் ஒரே கூறை மட்டும் திருத்துங்கள். அது முடிந்த பிறகு அடுத்த கூறு. முதலில் மெதுவாகத்தான் போகும். ஆனால் மொழி நன்றாக இருக்கிறதே என்று ஆதாரத்துக்கும் சேர்த்துக் கூட்டிப் போடும் பழக்கம் இதில்தான் குறைகிறது. நான்கு எண்களோடு, அடுத்த முறை செய்ய வேண்டிய ஒன்றை மட்டும் ஒரு வரியில் எழுதிக் கொடுங்கள்.

சில நேரம், படித்ததும் மனம் நெகிழ்கிற ஒரு கட்டுரைக்கு ரூப்ரிக் 12தான் தரும். அந்தத் தாளை மட்டும் தனியே எடுத்து வையுங்கள். அதில் உங்களைத் தொட்டது எது என்று ஒரு சொல்லில் எழுதிப் பாருங்கள். அது பாடத்தின் நோக்கத்தைச் சேர்ந்தது என்றால், அடுத்த கட்டுரைக்கான ரூப்ரிக்கில் அதற்கு ஒரு வரி கொடுங்கள்.