கடல் தெரிகிறது, சரி. சன்ஷேடின் அடி தெரிகிறதா?

போன வாரம் கீழக்கரையில் ஒரு வீட்டைக் காட்டப் போயிருந்தேன். வாங்க வந்த இளம் தம்பதி நேரே மொட்டை மாடிக்கு ஏறிக் கடலைப் படம் பிடித்தார்கள். பிறகு கார் நிறுத்த இடம், அறையோடு சேர்ந்த குளியலறை, இணைய வேகம் என்று வரிசையாகக் கேட்டார்கள். கிணற்று மூடியைத் திறக்கச் சொல்லவே இல்லை.

இருபது வருடங்களுக்கு முன்பு இந்த ஊரில் வீடு பார்க்க வருபவர் பெரும்பாலும் பெண்ணைப் பெற்றவர். மகளுக்கு வீடு கொடுத்து மருமகனை அழைத்துக்கொள்வது இங்குள்ள வழக்கம். அதனால் பார்வையும் அவ்வளவு கறாராக இருக்கும். வாசலில் செருப்பைக் கழற்றியதும் கொல்லைக்குப் போவார். ஒரு வாளி இறைத்து, உள்ளங்கையில் ஏந்தி, வாயில் விட்டுத் துப்புவார். அறைகளெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஆசைகள் மாறியதில் எனக்கு வருத்தமில்லை. கடல் தெரியும் மாடி எனக்கும் பிடிக்கும். ஆனால் புதுக் கேள்விகள் வந்த வேகத்தில் பழைய கேள்விகளில் பாதி காணாமல் போய்விட்டன. வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம், பட்டா பாருங்கள் என்று சொல்ல நான் தேவையில்லை. வீடு வாங்குபவர்கள் செய்யும் மற்ற தவறுகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

மார்கழியில் தண்ணீரை ருசி பார்ப்பது

இராமநாதபுரம் மாவட்டத்துக்கு மழை என்றால் வடகிழக்குப் பருவமழைதான். மழை ஓய்ந்த கையோடு பார்த்தால் உவர்க் கிணறுகூட நல்ல தண்ணீர்க் கிணறாக நடிக்கும். சித்திரையில் ஒரு தரம் போங்கள். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்தான். குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு வழியே இல்லாவிட்டால் 2000 வரை என்கிறது இந்தியத் தர நிர்ணயம். "ஆர்ஓ மாட்டிக்கொள்ளலாம்" என்பார்கள். குடிக்க மாட்டலாம். குளியலறைக் குழாய்க்கு மாட்ட முடியாது.

எந்தத் தண்ணீரில் கட்டினார்கள் என்று கேட்காதது

இதைச் சொல்லும்போதே எனக்குக் கோபம் வருகிறது, முதலில் என் மேல்தான். 2003இல் இராமநாதபுரத்துக்கு வெளியே என் வீட்டைக் கட்டினேன். மனையிலேயே ஆழ்துளைக் கிணறு இருந்தது. தண்ணீர் கரிக்கும். "குடிக்கவா போகிறோம் சார், கலவைக்குத்தானே" என்றார் கொத்தனார். லாரித் தண்ணீர்ச் செலவு எட்டாயிரம் மிச்சம் என்று நானும் தலையாட்டினேன். படித்தவன், தொழில் தெரிந்தவன், தலையாட்டினேன்.

எட்டாவது வருடம் சமையலறை ஜன்னலுக்கு மேலிருந்த சன்ஷேடின் அடியில் மயிரிழை போல ஒரு கோடு விழுந்தது. அதன் ஓரத்தில் வெற்றிலைக் கறை மாதிரி பழுப்பு. பூசி வெள்ளையடித்தேன். அடுத்த மழையில் உள்ளங்கை அகலத்துக்குக் காரை பெயர்ந்து கிரானைட் மேடையில் விழுந்தது. மேலே பார்த்தால் கம்பி தோல் உரிந்து அடுக்கடுக்காக நின்றது. தளர்ந்த காரையைக் கொத்தியெடுத்து, கம்பியைச் சுரண்டி, புதுக் கம்பி சேர்த்து, சிறப்புக் கலவையால் மூட இரண்டரை லட்சம் ஆயிற்று.

நடப்பது இதுதான். நல்ல கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைக் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலம் ஒன்று காக்கிறது. உப்பிலுள்ள குளோரைடு அதைத் துளைக்கிறது. துரு ஏறிய இரும்பு முன்பிருந்ததைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். இடம் கிடைக்காதபோது காரையைத் தள்ளும். கலவைத் தண்ணீரிலோ கழுவாத கடல் மணலிலோ உப்பு இருந்தால் கம்பி முதல் நாளிலிருந்தே எதிரியோடு குடித்தனம் நடத்துகிறது. அதனால்தான் கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456 சொல்கிறது. கடற்கரைச் சூழலில் கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடியிருக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. கம்பிக்கு அடியில் இடைவெளிக்காக வைக்கும் கவர் பிளாக்குக்குப் பதில் ஜல்லிக் கல்லைச் செருகிக் கம்பியைத் தூக்கி வைக்கும் இடத்தில் 45 எங்கே வரும்?

எரிச்சல் தருவது இன்னொன்று. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் எட்டு வீடுகளுக்கு மேல் எழுப்பும் புதுத் திட்டம் ரெராவில், அதாவது வீடு-மனை ஒழுங்குமுறை ஆணையத்தில், பதிவாக வேண்டும். ஒப்படைத்து ஐந்து ஆண்டுக்குள் கட்டமைப்பில் குறை தெரிந்தால் கட்டியவரே செலவின்றிச் சரிசெய்ய வேண்டும். இந்தத் துருவோ பெரும்பாலும் ஐந்து ஆண்டுகள் கழிந்த பிறகுதான் முகம் காட்டுகிறது.

ஆகவே பழைய வீடு என்றால் வரவேற்பறையில் நிற்காதீர்கள். சன்ஷேடின் அடி, மாடிப்படியின் அடி, குளியலறைக் கூரை, தண்ணீர்த் தொட்டியின் அடி: இந்த நான்கையும் ஐந்து ரூபாய் நாணயத்தால் தட்டுங்கள். கெட்டியான சத்தம் கேட்டால் நல்லது. காலிப் பானை போல ஒலித்தால் உள்ளே காரை பிரிந்துவிட்டது. வீடு முழுவதும் பழைய பெயின்ட் இருக்க, சன்ஷேடுக்கு மட்டும் புது வெள்ளை அடித்திருந்தால் அங்கே இரண்டு முறை தட்டுங்கள். புது வீடு என்றால் லாரித் தண்ணீர் ரசீதையும் தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கையையும் கேளுங்கள்.

கீழக்கரை வீட்டில் நாணயத்தை அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன். நான்காவது தட்டில் பானை ஒலித்தது.

காற்றின் திசை கேட்காமல் ஜன்னல் கேட்பது

ஏர்வாடி, கீழக்கரைப் பக்கம் மன்னார் வளைகுடா. ஆனி, ஆடியில் தென்மேற்குக் காற்று உப்பை வாரி அடிக்கும். தேவிபட்டினம், தொண்டிப் பக்கம் பாக் விரிகுடா. அங்கே ஐப்பசிக்குப் பிறகு வாடைதான் வில்லன். எந்தப் பக்கம் இரும்புக் கிரில், எந்தப் பக்கம் துருப்பிடிக்காத யுபிவிசி பிளாஸ்டிக் ஜன்னல் என்பதை இதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

அலைக்கு அருகே மனை வாங்குவது

உயர் அலைக் கோட்டிலிருந்து, அதாவது கடல் நீர் ஏறி வரும் எல்லையிலிருந்து, அளந்து பாருங்கள். ஊரகக் கடற்கரையில் மக்கள் அடர்த்தியைப் பொறுத்து 50 அல்லது 200 மீட்டர்வரை பொதுவாகப் புது வீடு கட்ட முடியாது என்கிறது கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம் பற்றிய 2019 அறிவிக்கை. மலிவாகக் கிடைத்தது என்று மகிழாதீர்கள்.

லிஃப்ட்

பராமரிப்பை யார் பார்க்கிறார்கள்? இரும்பும் உப்புக் காற்றும்தான் அங்கேயும்.

காணொளியில் பார்த்து முன்பணம் கொடுப்பது

கொடுக்காதீர்கள். துபாயிலிருந்து ஒருவர் நான்கு நிமிடக் காணொளி ஒன்றை அனுப்பி, "அண்ணே, முடித்துவிடலாமா?" என்று கேட்டிருக்கிறார். தரை வருகிறது, கடல் வருகிறது, கூரை ஒரு முறைகூட வரவில்லை. ஊரில் இருக்கும் மைத்துனரை நாணயத்தோடு அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.