பிராட்பேண்ட் ஒப்பிடுகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

புதிதாக நெட் கனெக்‌ஷன் எடுக்கப்போகிறவர்கள் பெரும்பாலும் ஒரு தாளில் மூன்று கட்டம் போட்டுக்கொள்வார்கள்: கம்பெனி, வேகம், மாத வாடகை. நாலு கம்பெனியை வரிசையாக எழுதி, வேகத்தை வாடகையால் வகுத்து, மலிவானதைச் சுற்றி வட்டம் போட்டுவிடுவார்கள். மூன்று மாதம் கழித்துத் தலைவலி தரப்போகிற எண் எதுவும் அந்தத் தாளில் இருக்காது. விதிமுறையைப் படிப்பது, ரசீதைப் பத்திரமாக வைப்பது போன்ற எல்லோருக்கும் தெரிந்த சங்கதிகளை இங்கே விட்டுவிடுவோம்.

மெகாபிட்டை மெகாபைட் என்று படிப்பது

பிளானில் வேகம் மெகாபிட்டில் இருக்கும், ஃபைலின் அளவு மெகாபைட்டில். 8-ஆல் வகுங்கள். 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்) என்றால் ஃபைல் நொடிக்கு 12.5 மெகாபைட்டுக்கு மேல் இறங்காது. 11 அல்லது 12 வந்தால் லைன் நன்றாகவே இருக்கிறது.

முதல் நாள் ஸ்பீட் டெஸ்ட்டை நம்பி வருடப் பணத்தைக் கட்டுவது

எத்தனை பேர் சொன்னாலும் நிற்காத தவறு இது. ஃபைபரை ஒட்டிப் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்ததும், கனெக்‌ஷன் கொடுக்க வந்தவர் தன் போனை ரூட்டருக்கு ஒரு முழத் தூரத்தில் பிடித்து டெஸ்ட்டைத் தட்டுவார். முள் சர்ரென்று ஏறி 100 பிளானுக்கு 104 காட்டும். “பாத்தீங்களா சார், சொன்னதைவிட அதிகமாவே வருது.” கையோடு அடுத்த கேள்வி: “ஒரு வருஷத்துக்குச் சேர்த்துக் கட்டிடுறீங்களா? ஒரு மாசம் ஃப்ரீ.” கட்டிவிடுவார்கள். அன்று ராத்திரி எட்டரை மணிக்கு மகள் வீடியோ வகுப்பில் உட்கார்ந்திருப்பாள். அப்பாவின் போன் அன்றைய போட்டோக்களை கிளவுடுக்கு ஏற்றத் தொடங்கும். டீச்சரின் முகம் வாய் பாதி திறந்தபடி உறைந்து நிற்கும். போட்டோ எல்லாம் ஏறி முடிந்த பிறகு டெஸ்ட் போட்டால் 90-க்கு மேல் காட்டும். கஸ்டமர் கேரில் “ஸ்பீடு கரெக்டாத்தானே இருக்கு” என்பார்கள். அவர்கள் சொல்வதில் பொய்யும் இல்லை என்பதுதான் எரிச்சல்.

அந்த 104-இன் பின்னணியைப் பார்த்தால் விஷயம் புரியும். ஊக்லாவின் ஸ்பீட்டெஸ்ட் செயலி, பதில் சீக்கிரம் வருகிற பக்கத்து சர்வரைத் தானாகத் தேர்ந்தெடுக்கும். பல இடங்களில் அந்த சர்வரை வைத்திருப்பதே நீங்கள் சோதிக்கிற கம்பெனிதான். அதாவது டேட்டா கம்பெனியின் வாசற்படியைத் தாண்டவே இல்லை. நீங்கள் பார்க்கிற தளங்களோ வாசலுக்கு வெளியே இருக்கின்றன. அந்த வெளிவழியில்தான் நெரிசல் வரும். அடுத்து, டெஸ்ட் ஒரே நேரத்தில் பல இணைப்புகளைத் திறந்து இழுக்கிறது. ஒரு பெரிய ஃபைலை பிரவுசரில் இறக்கும்போது பெரும்பாலும் ஒரே இணைப்புதான். பாக்கெட்டுகள் (டேட்டாவின் சின்னச் சின்னத் துண்டுகள்) வழியில் தொலைகிற லைனில் பல இணைப்பு டெஸ்ட் 95 காட்டும்போதே ஒற்றை இணைப்பு 20-இல் முக்கிக்கொண்டிருக்கும்.

நேரம் இன்னொன்று. வீட்டுக்கு வரும் ஃபைபர் பெரும்பாலும் ஜிபான் வகை. கம்பெனியின் ஒரு போர்ட்டிலிருந்து கீழ்நோக்கி சுமார் 2.5 ஜிபிபிஎஸ் (ஒரு ஜிபிபிஎஸ் 1,000 எம்பிபிஎஸ்), மேல்நோக்கி சுமார் 1.25 ஜிபிபிஎஸ், ஒளியைப் பிரித்துக் கொடுக்கும் ஸ்ப்ளிட்டர் வழியாக இதை 32 அல்லது 64 வீடுகள் பங்கிட்டுக்கொள்ளும். மதியம் மூன்று மணிக்குப் பங்குக்கு ஆள் இல்லை. இரவு எட்டிலிருந்து பதினொன்றுவரை எல்லா வீட்டிலும் திரை ஓடும். ஆனால் ஸ்ப்ளிட்டரைவிட, கம்பெனி வெளியிலிருந்து வாங்கி வைத்திருக்கும் கொள்ளளவு போதாமல் திணறுவதே அதிகம். அது எந்த விளம்பரத்திலும் இருக்காது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, லைன் நிரம்பும்போது தாமதம் எவ்வளவு ஏறுகிறது என்பது. பிங், அதாவது ஒரு பாக்கெட் போய்த் திரும்பும் நேரம், 8 மில்லிசெகண்ட் என்று டெஸ்ட் சொல்வது, லைனில் யாருமே இல்லாத நேரத்துக் கணக்கு. அப்லோடு முழுவதையும் போட்டோக்கள் பிடித்துக்கொண்டால், ரூட்டரின் பஃபரில் (காத்திருப்பு இடத்தில்) பாக்கெட்டுகள் வரிசையில் நிற்கும். வீடியோ வகுப்பின் பாக்கெட் சின்னதுதான், ஆனாலும் அதே வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டும். 8 மில்லிசெகண்ட் 400 ஆகிவிடும். பஃபர்ப்ளோட் என்று இதற்குப் பெயர். நெட்ஃப்ளிக்ஸின் ஃபாஸ்ட் தளத்தில் கூடுதல் விவரத்தைத் திறந்தால், சும்மா இருக்கும்போதும் லோடு இருக்கும்போதும் உள்ள தாமதம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டும். ஊக்லாவிலும் டவுன்லோடு, அப்லோடு நேரத்துத் தாமதம் தனித்தனியாக வருகிறது. அந்தச் சின்ன எண்களைத்தான் யாரும் பார்ப்பதில்லை.

ஆகவே முதல் மாதத்தை மட்டும் கட்டுங்கள். கட்டிய பிறகு ஏழு நாள், தினமும் மூன்று வேளை, ஐந்து நிமிடம் ஒதுக்கினால் போதும்: காலை, மதியம், இரவு ஒன்பது. லேப்டாப்பை லேன் கேபிளில் ரூட்டரோடு இணைத்து, வைஃபையை அணைத்துவிட்டு, இவற்றைக் குறியுங்கள். தானாக வரும் சர்வரில் ஒரு டெஸ்ட். வேறு கம்பெனி நடத்துகிற, 500 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிற சர்வரை நீங்களே தேர்ந்தெடுத்து, ஒற்றை இணைப்பு முறையில் இன்னொன்று. ஃபைபரில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடுவதால், 1,000 கிலோமீட்டர் போய்த் திரும்பவே 10 மில்லிசெகண்ட் ஆகும். தூர சர்வரில் பிங் கொஞ்சம் கூடுவதைக் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வேகம் பாதியாக விழுகிறதா என்று பாருங்கள். பிறகு 1.1.1.1 அல்லது 8.8.8.8 என்ற பொது இணைய முகவரிக்கு 100 பிங். விண்டோஸ் தானாக நாலு மட்டுமே அனுப்பும், நாலை வைத்து எதையும் சொல்ல முடியாது. கூடவே ரூட்டரின் சொந்த முகவரிக்கும் 100 பிங் அடியுங்கள். அது ஓரிரு மில்லிசெகண்டில் திரும்பி வந்து, வெளி முகவரி மட்டும் தடுமாறினால், கோளாறு உங்கள் வீட்டுக்குள் இல்லை.

எண்களை எப்படி எடைபோடுவது? நூறு பிங்கில் ஒன்றுகூடத் தொலையக் கூடாது. ஒரு நாள் ஒன்று போனால் மன்னிக்கலாம், தினமும் இரவு இரண்டு மூன்று போனால் அந்த லைன் வேண்டாம். லோடு நேரத் தாமதம், சும்மா இருக்கும்போது உள்ளதைவிட 30 மில்லிசெகண்டுக்குள் கூடினால் நல்ல லைன். 100-ஐத் தாண்டினால் அழைப்பில் பேச்சு ஒன்றன்மேல் ஒன்று விழும். 300-க்கு மேல் போனால் பேசுவதே சிரமம். இரவு வேகம் பகல் வேகத்தில் முக்கால் பங்கு இருந்தால் தாராளம். பாதிக்கும் கீழே போனால் அடுத்த கம்பெனியைப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை: லோடு நேரத் தாமதத்தில் பெரும்பங்கு ரூட்டரின் குற்றமாகவும் இருக்கலாம். எஸ்க்யூஎம் (பாக்கெட் வரிசை நீளாமல் பார்த்துக்கொள்ளும்) வசதி உள்ள ரூட்டரில் அதை இயக்கி, டவுன்லோடு, அப்லோடு வரம்பை அளந்த வேகத்தின் 85 முதல் 90 விழுக்காட்டில் வையுங்கள். உச்ச வேகத்தில் பத்துப் பங்கில் ஒன்று போகும், 400 இருந்த தாமதம் 20, 30-க்கு இறங்கும். இரண்டு கம்பெனியை ஒப்பிடும்போது இரண்டுக்கும் ஒரே ரூட்டரைப் போட்டு அளக்காவிட்டால், நீங்கள் ஒப்பிடுவது ரூட்டர்களைத்தான்.

பணக் கணக்கும் சின்னதுதான். மாத வாடகை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம் பார்த்து வேண்டாம் என்று விட்டால் போவது 100. வருடத்துக்குக் கட்டி மாட்டிக்கொண்டால் 1,200. அந்த ‘ஒரு மாசம் ஃப்ரீ’ பெரும்பாலும் அடுத்த மாதமும் இருக்கும்.

வைஃபையில் அளந்துவிட்டு கம்பெனியைத் திட்டுவது

2.4 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபையில், வைஃபை 6-க்கு முந்தைய இரண்டு ஆன்டெனா போன் காகிதக் கணக்கில் 144 எம்பிபிஎஸ் வரை இணையும். கையில் கிடைப்பது அதில் பாதிதான். பக்கத்து வீடுகளின் ரூட்டர்கள் நெருக்கினால் இன்னும் குறையும். 300 பிளான் எடுத்துவிட்டு அதில் 60 வருகிறது என்று 500-க்கு மாறினால், 500-லும் அதே 60 வரும்.

கேபிளிலும் ஒரு பொறி உண்டு. எத்தனை முறை அளந்தாலும் 94, 95-இல் ஆணி அடித்தாற்போல் நின்றால், எங்கோ ஒரு போர்ட் 100 எம்பிபிஎஸ் வகை. இல்லையென்றால் கேபிளின் எட்டுக் கம்பிகளில் ஒன்று அறுந்திருக்கிறது. ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். 100-க்கு நாலு போதும் என்பதால், மற்ற நாலில் ஒன்று போனால் கருவிகள் பெரும்பாலும் சத்தம் போடாமல் 100-க்கு இறங்கிவிடும். முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

அப்லோடு எவ்வளவு என்று கேட்காமல் விடுவது

100 என்று பெரிதாகப் போட்ட பிளானில் அப்லோடு 10 மட்டும் இருக்கலாம், முக்கியமாகப் பழைய கேபிள் டிவி வழி வரும் இணைப்பில். 40 ஜிபி பேக்கப்பை 10 எம்பிபிஎஸில் ஏற்ற ஒன்பது மணி நேரம் ஆகும். வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்கள் 200/10 (டவுன்லோடு 200, அப்லோடு 10) பிளானைவிட 50/50 பிளானில் நிம்மதியாக இருப்பார்கள்.

வீட்டில் நாலு பேர், அதனால் 1 ஜிபிபிஎஸ்

4கே படத்துக்கு நெட்ஃப்ளிக்ஸ் கேட்பதே 15 எம்பிபிஎஸ். நாலு டிவி ஓடினாலும் 60.

மாத வாடகையை மட்டும் ஒப்பிடுவது

இரண்டு வருடத்தில் கையைவிட்டுப் போகும் மொத்தத்தைக் கூட்டி 24-ஆல் வகுங்கள். ஒரு கம்பெனி முதல் ஆறு மாதம் 100, பிறகு 140, ரூட்டர் வாடகை மாதம் 10 என்கிறது. மொத்தம் 3,360, மாதத்துக்கு 140. இன்னொன்று மாதம் 125, பொருத்தும் கட்டணம் 150, ரூட்டர் இலவசம். மொத்தம் 3,150, மாதத்துக்கு 131 சொச்சம். தாளில் வட்டம் போட்டது முதலாவதை. சொன்ன விலை வரி சேர்த்ததா, டெபாசிட் திரும்பி வருமா, நடுவில் விட்டால் பிடித்தம் உண்டா என்ற மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள்.

‘அன்லிமிடெட்’

எத்தனை ஜிபி தாண்டினால் வேகம் குறையும், குறைந்து எவ்வளவு ஆகும், அப்லோடும் கணக்கில் சேருமா? கடைசிக் கேள்வி கேமரா வைத்திருப்பவர்களுக்கு. 2 எம்பிபிஎஸில் இரவு பகலாக கிளவுடுக்கு அனுப்புகிற ஒற்றைக் கேமரா மாதம் சுமார் 650 ஜிபி விழுங்கும்.

பொது ஐபி உண்டா என்று பார்க்காதது

வீட்டு கேமராவின் ரெக்கார்டரையோ ஸ்டோரேஜ் பெட்டியையோ வெளியிலிருந்து நேரடியாகத் திறக்க வேண்டியவர்களுக்கு மட்டும். ரூட்டரில் ‘WAN’ (வெளி இணைய) முகவரி 100.64-இலிருந்து 100.127-க்குள் ஆரம்பித்தால், ஒரே பொது ஐபியை உங்களோடு பல வீடுகள் பகிர்கின்றன. வெளியிலிருந்து வருவதை வீட்டுக் கருவிக்குத் திருப்பிவிடும் போர்ட் ஃபார்வர்டிங்கில் எத்தனை மணி நேரம் மல்லுக்கட்டினாலும் வேலை செய்யாது. தனி ஐபிக்கு மாதம் எவ்வளவு என்று கேட்டு, அதையும் மேலே உள்ள கூட்டலில் சேருங்கள்.

மாற்று லைனும் அதே கம்பத்தில்

கம்பம் சாய்ந்தால் இரண்டும் போகும்.

பழுதுபார்ப்பைப் பற்றித் தவறான கேள்வி கேட்பது

அக்கம்பக்கத்தில் “நல்லா வருதா?” என்று கேட்டால் “பரவால்ல” என்பார்கள். அந்தப் பதிலால் பிரயோஜனம் இல்லை. “கடைசியா எப்போ போச்சு, எத்தனை மணி நேரத்துல வந்தாங்க?” என்று கேளுங்கள். அதே ஸ்ப்ளிட்டர் பெட்டியில் இருக்கிற வீட்டைத் தேடிக் கேட்டால் இன்னும் நல்லது.

ஃபைபராக இருந்தால், பொருத்துகிற அன்றே ஒளி எவ்வளவு வலுவாக வருகிறது என்று ஓஎன்டியின் (ஃபைபர் வந்து சேரும் பெட்டியின்) அமைப்புப் பக்கத்திலோ அவர் கையிலுள்ள மீட்டரிலோ காட்டச் சொல்லுங்கள். அதை டிபிஎம் என்ற அளவில் சொல்வார்கள்; மைனஸ் எண் பெரிதாகப் பெரிதாக ஒளி மங்கல். ஜிபானில் வழக்கமாக −8-லிருந்து −27 டிபிஎம் வரை ஓடும். −15 முதல் −24-க்குள் இருந்தால் நிம்மதி. −26 என்றால் இன்று ஓடும், யாராவது கதவிடுக்கில் ஒயரை நசுக்கிய அன்று சிவப்பு விளக்கு எரியும். சுவர் மூலையில் ஃபைபரைச் செங்குத்தாக மடக்கி ஆணி அடித்திருந்தால் அங்கேயே ஒன்றிரண்டு டெசிபல் போய்விடும். ஒரு டம்ளர் வாயளவுக்காவது வளைத்து விடச் சொல்லுங்கள். கிடைத்த எண்ணைத் தேதியோடு ஒரு சீட்டில் எழுதி ஓஎன்டியின் முதுகில் ஒட்டிவையுங்கள். ஆறு மாதம் கழித்து −19 இருந்தது −26 ஆகியிருந்தால், “ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க சார்” என்கிறவரிடம் அந்த இரண்டு எண்ணையும் சொல்லி, ஆளை அனுப்பச் சொல்லலாம்.