கன்னிமாரா தேக்கைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வரும் மூன்று வாரமும் கல்யாணம், குலதெய்வம் கோயில், துணிக்கடை என்றே ஓடிவிடும். அதிலிருந்து இரண்டு நாளைப் பிடுங்கிக்கொண்டு பொள்ளாச்சிக்கு வாருங்கள். அங்கிருந்து சேத்துமடை வழியாக ஆனைமலைக் காட்டிலிருக்கும் டாப்ஸ்லிப் சுமார் 35 கிலோமீட்டர். அதைத் தாண்டினால் பரம்பிக்குளம் புலிகள் காப்பகம். கன்னிமாரா தேக்கு என்கிற பழம்பெரும் மரம் அங்கேதான் நிற்கிறது. காடு கேரளாவுடையது, வண்டிச் சாலையோ தமிழ்நாட்டு வழியாகத்தான். அதனால் இரண்டு சோதனைச்சாவடி, இரண்டு முறை கட்டணம்.

பிள்ளைகளுக்கு ஜூலை, ஆகஸ்டில்தான் லீவு என்றால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: அப்போது தென்மேற்குப் பருவமழை, காடெல்லாம் அட்டைப்பூச்சி. முழங்கால் வரை வரும் அட்டைக் காலுறையும் ஒரு பொட்டலம் உப்பும் இருந்தால் சமாளிக்கலாம். பிப்ரவரிக்கு மேல் தேக்கு இலையுதிர்த்து மொட்டையாக நிற்கும், காட்டுத்தீ பயத்தில் நடைபாதைகளை மூடுவதும் உண்டு. என்னைக் கேட்டால் டிசம்பர்தான்.

வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்குக் கொடுக்கும் ஓசிஐ அட்டை வைத்திருப்பவர்களுக்குத் தேசியப் பூங்கா, சரணாலயங்களில் இந்தியர்களுக்கான நுழைவுக் கட்டணமே போதும். 2021இல் வந்த மத்திய அரசு அறிவிக்கை அப்படித்தான் சொல்கிறது. அட்டை கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். எங்கள் அத்தான் "போன்ல இருக்கு" என்றார். போனைத் திறந்தால் சிக்னலே இல்லை. அசல் கோயம்புத்தூரில் பீரோவுக்குள் பத்திரமாக இருந்தது. வெளிநாட்டுக்காரர் கட்டணத்தைக் கட்டிவிட்டு உள்ளே போனோம்.

இதைவிட முக்கியமானது ஒன்று. அமெரிக்கா, கனடாவில் மலையேறுகிறவர்கள் பையில் சாட்டிலைட் போனோ, சாட்டிலைட்டில் செய்தி அனுப்பும் கருவியோ வைத்திருப்பார்கள். அனுமதியில்லாமல் அதை இந்தியாவுக்குக் கொண்டுவருவது குற்றம். விமான நிலையத்திலேயே பிடிபட்டவர்கள் இருக்கிறார்கள். வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

அங்கே போல வரைபடத்தைப் பார்த்துத் தனியாக நடக்க இங்கே விடமாட்டார்கள். புலிகள் காப்பகம் அல்லவா, கூட ஒரு வழிகாட்டி வருவார். பெரும்பாலும் காடர், மலசர் குடிகளைச் சேர்ந்தவர்கள். எங்களோடு வந்தவர் திடீரென்று நின்று, புறங்கையை யானைச் சாணத்தின் மேல் பிடித்துப் பார்த்தார். "சூடு ஆறல, இப்பத்தான் போயிருக்கு" என்று வழியை மாற்றினார். அவர் நில் என்றால் நில்லுங்கள். சென்ட் வேண்டாம், பளிச்சென்ற சட்டை வேண்டாம்.

கன்னிமாரா தேக்கு தூணக்கடவுப் பக்கம் இருக்கிறது. சுற்றளவு ஏறக்குறைய 7 மீட்டர், உயரம் 40 மீட்டர். வயது 450 ஆண்டுக்கு மேல் என்கிறார்கள். 1994-95இல் மத்திய அரசின் மகாவிருட்ச விருது பெற்ற மரம். வெட்டப் போனபோது ரத்தம் பீறிட்டது, அதனால் விட்டுவிட்டார்கள் என்று கதை சொல்வார்கள். கதைதானே என்று தள்ளிவிடாதீர்கள். கீழே விழுந்து கிடந்த ஒரு தளிர் இலையை எடுத்து வழிகாட்டி உள்ளங்கையில் கசக்கிக் காட்டினார். மருதாணி போட்டதுபோல் சிவந்துவிட்டது. என் மகள் அன்று முழுக்கக் கையைக் கழுவவில்லை. வருகிறவர்கள் பலரும் ஐந்தே நிமிடத்தில் செல்ஃபி எடுத்துவிட்டு வண்டி ஏறிவிடுகிறார்கள். கொஞ்ச நேரம் கீழே உட்கார்ந்து அண்ணாந்து பாருங்கள், கழுத்து வலிக்கட்டும்.

திரும்பும்போது டாப்ஸ்லிப்பில் ஹியூகோ உட் கல்லறையையும் பார்க்கலாம். மேட்டிலிருந்து மரத்தைச் சரித்து உருட்டிவிட்டதால்தான் அந்த இடத்துக்கே டாப்ஸ்லிப் என்று பெயர். அப்படி மொட்டையடித்த மலையில் மறுபடி தேக்கு வளர்த்த வனத்துறை அதிகாரி அவர். 1933இல் இறந்தார்.

தங்குவதாக இருந்தால் பரம்பிக்குளத்தில் கூடாரம், மரவீடு எல்லாம் உண்டு. இணையத்தில் முன்பதிவு செய்யாமல் போகாதீர்கள், டிசம்பரில் சீக்கிரம் நிரம்பிவிடும். தங்கவில்லை என்றால் காலையில் சாவடி திறக்கும்போதே போய் நின்றுவிடுங்கள். பொள்ளாச்சியிலேயே இட்லி கட்டிக்கொள்ளுங்கள், வாழை இலையில். பிளாஸ்டிக் பையைச் சாவடியில் வாங்கி வைத்துவிடுவார்கள்.