குழந்தையை எந்த வகுப்பில் சேர்ப்பது என முடிவு செய்யும் முறை

முதலில் குழந்தையின் பிறந்த தேதியைப் பள்ளியின் வயது வரம்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே வகுப்பில் மூத்த பிள்ளைக்கும் இளைய பிள்ளைக்கும் ஏறக்குறைய 12 மாத இடைவெளி இருக்கக்கூடும்; ஆறு வயதுக் குழந்தைக்கு அது வாழ்நாளில் ஆறில் ஒரு பங்கு.

அடுத்து, ஒரு வாரம் வீட்டில் கவனியுங்கள். இதுவரை பார்த்திராத ஒரு சிறு பத்தியை வாசிக்கச் செய்து, அதில் என்ன நடந்தது என்று கேட்டால்தான், குழந்தை எழுத்துகளைக் கூட்டிப் படிக்கிறதா அல்லது மனப்பாடமாக ஒப்பிக்கிறதா என்பது தெளிவாகும். எண்களிலும் இப்படித்தான்: 100 வரை மளமளவென்று சொல்வதைவிட, 15 பொத்தான்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணி, கடைசியில் சொன்ன எண்ணே மொத்தம் என்று உணர்வது முக்கியம். உறவினர் முன்னிலையில் இச்சோதனைகளைச் செய்ய வேண்டாம்.

பொதுவாக, முதல் வகுப்பு முடிவில் எளிய சொற்களை வாசிப்பதும் 20க்குள் கூட்டிக் கழிப்பதும், இரண்டாம் வகுப்பில் சிறு பத்திகளும் இரண்டிலக்கக் கூட்டலும், மூன்றாம் வகுப்பில் பெருக்கலும் எதிர்பார்க்கப்படுகின்றன. பாடத்திட்டத்திற்கேற்ப இவை சற்று மாறும்.

வாசிப்பில் முந்திய குழந்தை, பென்சில் பிடிப்பதிலோ தன் முறை வரும்வரை காத்திருப்பதிலோ பின்தங்கியிருக்கலாம். ஆகவே ஒரே திறமையை வைத்து மேல் வகுப்பைக் கேட்பது அவசர முடிவு என்றே கருதுகிறேன். அதே வகுப்பில் மீண்டும் இருத்துவதற்கு முன், பார்வையையும் செவித்திறனையும் மருத்துவரிடம் சோதித்துக்கொண்டு, குழந்தையின் நோட்டுப் புத்தகங்களுடன் ஆசிரியரைச் சந்தியுங்கள்.